கோட்டைக் கழட்டு, டொலறஸ்!

"றெஜி அண்ணை, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல..."

"ஒண்டும் சொல்லாதை, டொலறஸ். முதல் கோட்டைக் கழட்டு!"

"கழட்டேலாது அண்ணை, குளிருது. நான் சொல்ல வந்தது..."

"குளிருதோ? உதுக்குக் கீழை நிண்டுகொண்டோ? அண்ணாந்து பார்!"

டொலறஸ் அண்ணாந்து பார்த்தாள். தோர்ண்டன் ஹீத்தில் றெஜினோல்டின் மளிகைக் களஞ்சியத்துக்கு முப்பதடி உயரக் கூரை. அதிலிருந்து, அவள் மாப் பொதி கட்டும் மேசைக்கு நேர் மேலே, வெள்ளை வெளேரென்று ஆறு நீளப் பலகைகள் தொங்கின. சனி ஞாயிறில் ஆள் விட்டுப் பூட்டிய, மின்சாரத்தில் சூடு தரும் பனல்கள்.

பன்னிரண்டு வருடமாகப் பொதி கட்டும் வேலையைத் தலையில் போட்டு நடத்துகிறவள் அவள். போன மாசியில், "இன்னொரு பனிக்காலம் இந்த ஐஸ்பெட்டிக்குள்ளை என்னைக் காணமாட்டியள்" என்று சொல்லிவிட்டாள். அவள் போனால் களஞ்சியம் படுத்துவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. பதினொரு மணிக்குப் பனல்காரர் போன் எடுப்பார்கள். டொலறஸ் சரியென்றால் மிச்சக் கூரைக்கும் போடுவது, இல்லையென்றால் இதையும் கழற்றிக்கொண்டு போவது என்று பேச்சு.

"சூடு மேலைதானே அண்ணை போகும்? கூரையிலை கட்டினால் புறாவுக்குத்தான் சுகம்."

"ஐயோ, இது காத்தைச் சூடாக்கிற சாமான் இல்லை. வெயில் மாதிரி. நேரை ஆளிலை வந்து விழும்."

"அப்ப சுவரிலை தெர்மோமீற்றரைப் பாருங்கோ. பதின்மூண்டு எண்டு நிக்குது."

"அது காத்தின்ரை கணக்கு. உன்ரை கணக்கை நீ சொல்லு. என்னைப் பார், வெறும் சேட்டோடை நிக்கிறன்."

"உங்களுக்கு உடம்பிலை கொழுப்பு அண்ணை."

பக்கத்து மேசையில் மயூரா ஸ்வெற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு, அரைக்கைச் சட்டையோடு மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, உங்கடை முகம் வேர்த்து வடியுதெல்லே!"

"அது மிளகாய்த்தூள் நெடி, பிள்ளை."

"நெடிக்குத் தும்மல்தானே வரும்?"

டொலறஸ் கோட்டின் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய மூக்கு நுனியில் ஒரு துளி வியர்வை விழவா விடவா என்று தொங்கியது. றெஜினோல்டுக்கு அழுகை வரும் போலிருந்தது.

"உனக்கு என்னிலை என்ன கோவம்? பன்னிரண்டு பனிக்காலம் பொறுத்தனீ. நான் பிந்திப் போனன், ஓம். அதுக்காக இப்பிடி அவிஞ்சுகொண்டு நிண்டு குளிருது எண்டு சொல்லுவியோ?"

"கோவம் ஒண்டும் இல்லை அண்ணை. காலமை வந்த உடனை சொல்லத்தான் வெளிக்கிட்டனான். நீங்கள் வாய் திறக்க விடாமல் இழுத்துக்கொண்டு வந்து இதுக்குக் கீழை நிப்பாட்டிப்போட்டியள்."

போன் அடித்தது.

"அவங்கள்தான். சொல்லு டொலறஸ், வைக்கிறதோ கழட்டிறதோ?"

டொலறஸ் மறுபடியும் கூரையைப் பார்த்தாள். "மாதாவே!" என்று நீளமாய் ஒரு மூச்சு விட்டாள். பிறகு கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாய்க் கழற்றத் தொடங்கினாள்.

"முழுக் கூரைக்கும் போடச் சொல்லுங்கோ."

முகமெல்லாம் சிரிப்பாகப் போனைக் காதில் வைத்த றெஜினோல்ட், அப்படியே நின்றுவிட்டார். கோட்டுக்குள்ளே, பளீரென்ற சிவப்பில், எதிர்த் தெருக் களஞ்சியத்தின் புத்தம்புது வேலை ரீசேட். நெஞ்சில் அந்தக் களஞ்சியத்தின் பெயர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'டொலறஸ்'.

"பன்னிரண்டு மணிக்கு அங்கை எனக்கு முதல் ஷிப்ட், அண்ணை... வரேல்லை எண்டு சொல்ல, அவையின்ரை நம்பர் உங்களிட்டை இருக்கோ?"