கறிவேப்பிலையைச் சுற்றிப் போகும் குழாய்

காலை வெயில் பெதானி வீட்டுப் புல்தரையில் படுத்திருக்கிறது. வாசல் கேட்டிலிருந்து ஹால் சுவர் வரை இணையக் கேபிள் செல்லும் குழாயைப் புதைக்க வந்த அய்யனார் பள்ளம் தோண்டிக்கொண்டு வருகிறார். மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் ஈர மண்ணின் வாசம் எழுகிறது. சிங்கப்பூரின் இன்னொரு பக்கம், பூன் லே அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் வசிக்கும் பெதானியின் அக்கா ஷாரனுக்கு மண் என்றால் பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பதுதான். அந்தத் தொட்டியிலிருந்து பிரித்துத் தங்கைக்குக் கொடுத்த கறிவேப்பிலைக் கன்று இங்கே மதிலைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. தொட்டியில் தாய்ச்செடி இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஷாரன் நாற்காலியில் உட்கார்ந்து மதிலைத் தாண்டிய இந்தச் செடியையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மண்வெட்டி வேரில் முட்டி நிற்கிறது. “மேடம், குழாய் நேரா போகணும்னா இந்தச் செடிய எடுக்கணும்.” தங்கை வாய் திறப்பதற்குள் ஷாரன் சொல்லிவிடுகிறாள்: “எடுத்துடுங்க, செடிதானே.” சொன்ன வேகத்தில் கைக்கோப்பையிலிருந்த மைலோ பானம் தளும்பி விரல்களில் வழிகிறது. “ஐயோ, வேணாம் லா!” பெதானி ஓடிவந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறாள். “எங்க அக்கா குடுத்தது. சுத்திப் போங்க.” “உள்ள போறது கண்ணாடி இழை, மேடம். மடக்கினா ஒடிஞ்சிடும். அகலமா வளைக்கணும், நேரம் ஆகும்.” “ஆகட்டும்.” அய்யனார் வியர்வையைத் துடைத்தபடி சிரிக்கிறார். “அக்கா ஊர்ல இருக்காங்களா?” “இல்ல, இதோ, இவங்கதான்.” அய்யனாரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. அவர் ஷாரனை ஒரு முறை பார்க்கிறார். பிறகு குனிந்து, செடியிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் புதிதாகத் தோண்டத் தொடங்குகிறார். ஷாரனின் விரல்களில் மைலோ காய்ந்து பிசுபிசுக்கிறது.