மூன்று தரம் கூப்பிட்டால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில், பொழுது சாய்ந்த பிறகு யாராவது வெளியிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது தரம்தான் பதில் சொல்வோம். பேய் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிடாது.

ஹொங்கொங்கில் படிக்கும் என் மகள் தயானி, கூடப் படிக்கும் பிள்ளைகளோடு ஒருநாள் பயணமாக மக்காவ் நகரத்துக்குப் போனாள். அங்கே ஒரு கெசினோ சூதாட்ட மண்டபத்துக்குள் நின்று வீடியோ கோல் எடுத்தாள். கூரை முழுக்க வானம் வரைந்திருந்தது.

"இங்க எந்நேரமும் பொழுது சாயிற மாதிரியே இருக்கும்மா," என்று சிரித்தாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து "தயானி" என்று யாரோ கூப்பிட்டார்கள். அது என் குரல். நான் வாயைத் திறக்கவே இல்லை.

"என்னம்மா?" என்று அவள் திரும்பினாள்.

"பேசாத புள்ள!" என்று கத்தினேன். கோல் நின்றுவிட்டது.

அன்றிரவு அவளே பேசினாள். எல்லோருமாகப் படகில் ஹொங்கொங் திரும்பிவிட்டார்களாம். அந்தக் குரலைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன குரல்?" என்றாள்.

இன்று லீவுக்கு வருகிறாள். பண்டாரவளையில் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னாள். மழையில் லயம் சீக்கிரமே இருட்டிவிட்டது. ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்தேன்.

சின்ன வயதிலிருந்தே தயானி வாசலுக்கு வந்தால் மூச்சுவிடாமல் மூன்று தரம் கூப்பிடுவாள். இல்லாவிட்டால் நான் கதவைத் திறக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே "அம்மா" என்று கேட்டது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கதவின் அடியில் அவள் சப்பாத்துக் கால் தெரிகிறது.

அடுப்பில் ரொட்டி ஆறிவிட்டது. அவள் இன்னும் நகரவில்லை. இன்னொரு தரம் கூப்பிடவும் இல்லை.