தண்ணீருக்குச் சொல்லாதது

அன்று நானும் அதே அலுவலகத்தில்தான் வேலை பார்த்தேன்; இருந்தாலும் இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. கட்டப்போகும் பாலத்தின் தூணில் வெள்ளம் மோதுவதைக் கணினித் திரையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் நளாயினி. தூண் அசைந்தது. அதைச் சுற்றியிருந்த சுழிகளோ இடம் மாறவேயில்லை.

“தண்ணி தூணைத் தள்ளுறது கணக்குல இருக்கு. தூண் அசையறதைத் தண்ணிக்குச் சொல்லாம விட்டுட்டீங்களா, சார்?”

“சொன்னா கணக்கு முடிய ஒரு மாசம் ஆகும்மா. நாளைக்கு அறிக்கை போகணும்,” என்றார் மேலாளர் தேவசகாயம்.

“ஆத்துக்கும் நாளைக்கே அவசரமா?”

அவர் சிரித்தபடி, தூண் தாங்கும் என்று எழுதியிருந்த தாளை நீட்டினார். அவள் திரையை அணைத்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பாலம் நிற்கிறது. தேவசகாயம் ஓய்வுபெற்று, ஆற்றின் அக்கரையிலேயே வீடு கட்டிக்கொண்டார். நளாயினி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த ஆற்றில் இன்னும் வெள்ளம் வரவில்லை.