ஐந்து மணிச் சங்கு

ஐந்து மணியாக இன்னும் இரண்டு நிமிடம். ஆலைச் சங்கின் விசையில் கைவைத்தபடி கருத்தையா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நூல் விற்காமல் ஆலையை மூடி மூன்று மாதமாகிறது. காரைக்குடிக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டுமே என்று சங்கை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். இன்றோடு அதுவும் போதுமாம். மாலைச் சங்கை ஊதிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் மேனேஜர். சன்னலுக்கு வெளியே மஞ்சள் வெயிலில் ஆலை வாசல் தெரிகிறது. மூட்டை தூக்கும் உடையப்பன், சரக்கில்லாமல் நிற்கும் லாரியின் நிழலில் படுத்திருக்கிறார். லாரி கிளம்பினால் நிழல் போய்விடும். அந்தக் கவலை அவருக்கு இல்லை. தைக்கத் துணி வராத தையல்காரர் அல்லாபிச்சை, மெஷினுக்குத் தினமும் எண்ணெய் விட்டே புட்டியைக் காலி செய்திருக்கிறார். டீக்கடை அசன் முகம்மதின் பாய்லர் மட்டும், வராத ஐந்து மணிக் கூட்டத்துக்காகப் பழைய வழக்கப்படி கொதிக்கிறது. பெரிய முள் நிமிர்கிறது. கருத்தையா விசையைத் தள்ளுகிறார். தகரக் கூரை அதிர்கிறது. புறாக்கள் எழும்பி, போக இடமில்லாமல் அங்கேயே உட்காருகின்றன. அரை நிமிடம்தான் வழக்கம். ஒரு நிமிடமாகியும் அவர் கை இறங்கவில்லை. உடையப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒருவழியாகச் சங்கு ஓய, கருத்தையா அறையைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்.

“என்னண்ணே, இன்னைக்குச் சங்க இம்புட்டு நேரம் இழுத்துட்டீக?” என்கிறார் அசன் முகம்மது.

“நாளைக்கு உள்ளதையும் சேத்து ஊதிட்டேன் பாய்.”