மேங் சாரின் கறுப்பு மாத்திரை

சிரிப்பு உண்டு. ஆனால் உடனே கிடையாது. நான் நாலு வாரம் காத்திருந்தேன். நீங்கள் ஒரு பக்கம் காத்திருக்க மாட்டீர்களா?

கொரியாவின் இன்சியோனில் அம்மா கறி சுடும் கடை வைத்திருந்த காலம். இப்போது அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், எதிர் ஆபீஸ் மேனேஜர் மேங் சார் தன் ஆட்கள் நாலு பேரோடு வந்துவிடுவார். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு பாக்கெட். உள்ளே மிளகு மாதிரி கறுப்பு மாத்திரைகள். சோஜு சாராயம் குடிப்பதற்கு முன்னால் விழுங்கினால் மறுநாள் தலை வலிக்காதாம்.

"முழுங்குங்கடா! நாளைக்கு எவனும் தலைவலின்னு வந்து நிக்கக் கூடாது. சித்தி, சோஜு கொண்டாங்க!"

அம்மாவை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள், ஐம்பத்தைந்து வயது மேங் சார் உட்பட. அவருக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு குரல். நான் அப்படியே பேசிக் காட்டுவேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த நாலு பேரில் புதிதாகச் சேர்ந்த ஹேரிம் அக்காவுக்கு மட்டும் குடி ஆகாது. ஒரு கப் உள்ளே போனால் கழுத்தெல்லாம் தடித்துவிடும். ஆனால் வேலை நிரந்தரமாக மேங் சார்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னம்மா ஹேரிம், வெட்கமா? மாத்திரைதான் போட்டாச்சே, அடி!"

பெரியவர் எதிரில் குடிப்பதால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தாள். கண்ணில் தண்ணீர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரைப் பெட்டி எங்கள் கடையில்தான் இருக்கும். அடுத்த வியாழன் அவர்கள் வருவதற்குள் பாக்கெட்டுகளைப் பிரித்து, மாத்திரையைக் கொட்டிவிட்டு, சாக்லெட் உருண்டைகளைப் போட்டு, முடி நேராக்கும் மெஷினால் சூடு வைத்து ஒட்டிவிட்டேன். நாளைக்கு எல்லோருக்கும் மண்டை பிளக்கும். அப்புறம் எந்த மாத்திரையைக் காட்டி மிரட்டுவார்?

மறுநாள் மதியம் சூப் குடிக்க வந்தார்கள். நாலு பேரும் குளித்துவிட்ட குழந்தை மாதிரி பளிச்சென்று இருந்தார்கள். மேங் சார் மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கெல்லாம் மாத்திரை கேக்குது. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல."

அடுத்த வாரம் அவர் இரண்டு பாக்கெட் போட்டார். அதற்கடுத்த வாரம் மூன்று.

"சித்தி, இந்த மாத்திரை கொஞ்சம் இனிக்குதே?"

அடுப்படிக்குள் ஓடிப் போய்ச் சிரித்தேன். ஆனாலும் புரியவில்லை. மற்ற நாலு பேருக்கு ஏன் வலிக்கவில்லை?

அம்மா என் காதைத் திருகினாள். "நீ மாத்திரைய மாத்தினியா? நான் பாட்டிலையே மாத்திட்டேன்டி. அந்தப் பொண்ணு கழுத்து தடிச்சத அன்னிக்கே பாத்தேன். அவர் முன்னால வைக்கிறது மட்டும்தான் சோஜு. மத்த பாட்டில்ல எல்லாம் பச்சைத் தண்ணி. அந்த நாலும் தெரிஞ்சுதான் குடிக்குதுங்க."

நாலாவது வியாழன். மேங் சாரின் கப் காலியாக இருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி பெரியவர் கப்பைக் காலியாக விடவும் கூடாது, அவரே ஊற்றிக்கொள்ளவும் கூடாது. ஹேரிம் அக்கா பழக்கதோஷத்தில், தன் முன்னால் இருந்த பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் பவ்யமாக ஊற்றிவிட்டாள்.

அம்மா கையில் இடுக்கி அப்படியே நின்றது.

மேங் சார் ஒரே மடக்கில் குடித்தார். கப்பைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவன் கப்பை எடுத்து ஒரு வாய். அடுத்தவன் கப்பில் ஒரு வாய்.

"சார்... என் வேலை..." ஹேரிம் அக்கா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

லாரிக் குரல் எங்கே போனதோ. அப்புறம் வந்த அந்தக் குரலை மட்டும் இன்றுவரை என்னால் பேசிக் காட்ட முடியவில்லை.

"அடப்பாவிங்களா... சின்னஞ்சிறுசுங்க ஆசைப்படுதேன்னுதானடா, பிடிக்காத எழவை நானும் இத்தனை வருஷமாக் குடிச்சேன்!"