ஏழாவது அத்தியாயம்

“ஏழாவது அத்தியாயத்தை மட்டும் பொடி எழுத்துல போடுங்க. கறுப்பு வேணாம், வெளிர் சாம்பல். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

டோல்கேட் சந்தில் இருந்த டி.டி.பி. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா திரும்பிப் பார்த்தாள். சொன்னவர் பெயர் ராமதாஸ். எண்ணூரில் ஒரு கம்பெனி புதிதாக நிலக்கரிச் சாம்பல் கிடங்கு கட்டப் போகிறது. அதற்கான ஆய்வு அறிக்கையைத் தயாரித்த அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். அடுத்த வாரம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தமிழ்ப் புத்தகம் அது.

ஹெப்சிபா புத்தகத்தின் கடைசியில் இருந்த அந்த அத்தியாயத்தைத் திரையில் கொண்டுவந்து படித்தாள். கழிமுகத்தை ஒட்டிய குப்பங்களில் எத்தனை குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல், எத்தனை பேருக்குத் தோல் நோய், கிடங்கு வந்தால் இன்னும் எவ்வளவு கூடும் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதியிருந்தது. எண்ணூர் பக்கத்துக் காத்திவாக்கத்தில்தான் அவள் வீடு. ஒன்பது வயது மகள் ஜூடி, பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தோடு இன்ஹேலரையும் வைத்துக்கொண்டுதான் போகிறாள்.

“இத்த யாரு சார் படிப்பாங்க? எங்க ஆளுங்க பூதக்கண்ணாடி எடுத்துகினு வருவாங்களா?”

ராமதாஸ் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலிடத்து உத்தரவு என்று மட்டும் சொன்னார்.

ஹெப்சிபாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. சட்டப்படி எடுத்துவிட முடியாது என்பதால், படிக்க முடியாமல் செய்யப் பார்க்கிறார்கள். வேலை செய்ய மாட்டேன் என்று எழுந்தே விட்டாள். முதலாளி சௌக்கத் அலி உள்ளே இருந்து வந்து சமாதானம் செய்தார்.

“நமக்கு இன்னாத்துக்கும்மா பேஜாரு? கஸ்டமர் சொன்னத போட்டுக் குடு.”

மறுபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகத் தொட்டு எழுத்தை மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. தலைப்புக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று என்று முதலிலேயே ஸ்டைல் உருவாக்கிப் பெயர் வைத்துவிடுவாள். பிறகு ஸ்டைலில் ஒரு முறை அளவை மாற்றினால் போதும், அது போட்ட இடமெல்லாம் தானாக மாறிக்கொள்ளும். ஏழாவது அத்தியாயத்துக்குப் புதிதாக ஒரு ஸ்டைல் உருவாக்கினாள். எழுத்தின் அளவு ஏழு, நிறம் வெளிர் சாம்பல். பெயர் கேட்ட கட்டத்தில் ‘அநியாயம்’ என்று ஓங்கித் தட்டினாள்.

பக்கத்தில் நின்ற ராமதாஸ் அதைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவள் ஆத்திரத்தை இன்னும் கிளறியது. மனசாட்சி இருக்கிறவன் என்றால் திட்டவாவது செய்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ராமதாஸ், தன் அலுவலகத்துப் பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட மாதிரிப் பிரதியோடு வந்தார். ஒரு புள்ளிகூட மாற வேண்டாம், இன்றே அச்சுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். ஹெப்சிபா தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். இந்த வேலை போனால் ஜூடிக்கு மருந்து வாங்கவே திண்டாட வேண்டியிருக்கும். அதை நினைத்ததும் கை தயங்கியது. ஆனால் அந்த மருந்து எதற்கு என்று நினைத்ததும் கை தானாகவே நகர்ந்தது. ‘அநியாயம்’ ஸ்டைலைத் திறந்தாள். ஏழு என்பதை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டாள். சாம்பலைக் கறுப்பாக்கினாள். ஒரே நொடி. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிக் கிடந்த அத்தியாயம் ஆறு பக்கமாக விரிந்தது. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

புத்தகக் கட்டுகளை ராமதாஸ்தான் வந்து எடுத்துக்கொண்டார். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆட்டோவில் ஏற்றினார்.

கூட்டம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஹெப்சிபா விடுப்பு போட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் நின்றாள். முதலில் பேசிய இரண்டு பேர் கிடங்கு வந்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். மூன்றாவதாக ஒரு மீன்காரம்மா புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்தார். ஏழாவது அத்தியாயத்தை எழுத்துக் கூட்டி, நிதானமாக, சத்தமாகப் படித்தார். எல்லாக் கைகளும் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டின. மேடையில் இருந்த அதிகாரிகளும் புரட்டினார்கள். பெரிய அதிகாரியின் முகம் வெளுத்தது. அதன்பின் எழுந்தவர்கள் எல்லாரும் அந்த ஆறு பக்கத்திலிருந்துதான் கேள்வி கேட்டார்கள். கூட்டத்தைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராமதாஸ் தன்னை நோக்கி வருவதை ஹெப்சிபா பார்த்தாள். ஓடவில்லை.

“நான்தான் சார் மாத்தனேன். பாய்க்கு ஒண்ணும் தெரியாது. கேஸு போடறதுன்னா என் மேல போடு” என்றாள்.

ராமதாஸ் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வீடு வீடா ஏறி இறங்கி அந்த அத்தியாயத்தை எழுதினவனே நான்தாம்மா. அதைப் பொடி எழுத்துல போடணும்னு உங்களுக்கு முன்னாடி ஆறு கடையில சொல்லிப் பார்த்தேன். ஏன்னு ஒருத்தர்கூட கேக்கல, அதான் அங்கெல்லாம் வேலையைக் கொடுக்காம, கேக்கற ஆளைத் தேடி உங்க கடை வரைக்கும் வந்தேன்.”