வற்ற மறுத்த ஏரி

"யாரு இதுல தண்ணி ஊத்தினது?"

அறிவியல் டீச்சர் போட்ட சத்தத்தில் ஐந்தாம் வகுப்பு கப்சிப் ஆனது.

ஜன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டிதான் பத்து நாளாக அவர்களுடைய உப்பு ஏரி. அரிசிக் குருணை அளவில் இறால் குஞ்சுகள் அதில் குஷியாக நீந்திக்கொண்டிருந்தன. குஷியாக இருக்கக்கூடாது என்பதுதான் பாடமே.

"ஏரிக்கு வர்ற ஆத்துத் தண்ணியை நாம வழியிலேயே எடுத்துட்டா, ஏரி வத்தி, உப்பு ஏறி, உள்ளே இருக்கிற உயிரெல்லாம் போயிடும். கண்ணால பார்த்தாத்தான் உங்க மண்டையில ஏறும். யாரும் ஒரு சொட்டு ஊத்தக்கூடாது" என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார் டீச்சர்.

நாளை வகுப்பே பஸ் ஏறி நிஜ ஏரியைப் பார்க்கப் போகிறது. தொட்டியோ வற்றுகிற வழியைக் காணோம். தண்ணீர் மட்டத்துக்கு தினமும் போட்ட பேனாக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

பார்வையிட வந்த ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுவா டீச்சர் வறண்ட ஏரி? முகம் கழுவலாம் போலிருக்கே!"

டீச்சருக்கு மானம் போயிற்று.

"ஊத்தினவங்க நாளைக்கு பஸ்ல ஏற முடியாது. யாரு? எழுந்திருங்க!"

ஒரு சிறுமி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வகுப்பில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"நான்தான் டீச்சர். தினமும் என் பாட்டில்ல இருந்து ஒரே ஒரு மூடி. அந்தக் குட்டிங்களைப் பார்த்தா பாவமா இருந்துச்சு."

"உன்னைத்தான் நினைச்சேன். நாளைக்கு நீ வீட்டுலயே இரு!"

வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரியைப் பார்க்க ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

பின் பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "நானும் ஒரு மூடி, டீச்சர்."

"நானும்..."

"நாங்க ரெட்டைங்க, அதனால ரெண்டு மூடி."

ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக ஊற்றியிருந்த வகுப்பின் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரிதான்! அப்போ நாளைக்கு டீச்சரும் நானும் டிரைவரும் மட்டும் போய் ஏரியைப் பார்த்துட்டு வர்றோம்."

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தாள்.

"டீச்சரும் போக முடியாது சார்."

"ஏம்மா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணி இந்தக் கோட்டுல இருந்துச்சு. திங்கட்கிழமை காலையிலயும் அதே கோடுதான். நடுவுல ரெண்டு நாள் எங்களுக்கு லீவு. ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி டீச்சர்கிட்ட."

ஹெட்மாஸ்டர் திரும்பினார். டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"பிள்ளைங்களை விட்டுடலாம் சார்... சனிக்கிழமை ஒரு டம்ளர், ஞாயித்துக்கிழமை ஒரு டம்ளர் ஊத்தினேன். வீட்டுல இருப்பே கொள்ளலை."